அவரை முன்னால் நடக்கவிட்டோம்

முகாமுக்குப் போகப் பிள்ளைகளை உற்சாகப்படுத்தும் வேலையைத் தலைமை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்த அன்று, தன் குடுமியைத் தானே பிடித்து என் கையில் தருகிறார் என்று அவருக்குத் தெரியாது.

"பிள்ளையள் எல்லாம் செத்த மீன் மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்குதுகள், ரீச்சர். பள்ளிக்கூடம் பாக்க வித்தியாதரிசி வரேக்க முகத்தில ஒரு சிரிப்பு வேணும். நீங்கள் சொன்னால்தான் அதுகள் கேக்கும். கொஞ்சம் உசார்ப்படுத்திவிடுங்கோ," என்றார்.

"ஓம் சேர்," என்றேன். ஒரு வருஷமாக அவருக்கு நான் மனதாரச் சொன்ன முதல் 'ஓம்' அதுதான்.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் முந்தின வருஷத்துக்குப் போகவேண்டும். இரண்டாவது உலக யுத்தம் எங்கள் துறைமுகத்துக்குள் வந்து குந்தியிருந்த காலம். சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்தவுடனே மூதூருக்கு ஓடிய லாஞ்சுப் படகை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தோடு ஒரு சின்ன விடுதி இருந்தது. குடாவுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள், மூதூர், கிளிவெட்டிப் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு பேர் அதில் இருந்து படித்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக மூட்டை கட்டிவைத்தவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றுபோனார்கள். விடுதிக்குப் பொறுப்பு நான். இளவயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, நிரந்தரமாவதற்குத் தலைமை ஆசிரியர் ஒரு நல்ல வார்த்தை எழுதவேண்டும்.

சில நாட்களில் எங்கள் ஊருக்கும் பிளேனில் வந்து குண்டு போட்டார்கள். காலைநேரம். பிள்ளைகளைச் சாப்பாட்டு மேசைகளுக்குக் கீழே தள்ளி, நானும் கீழே புகுந்து கிடந்தேன். கூரை ஓடுகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கிய சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வரும், குண்டுச் சத்தம் அல்ல. எல்லாம் அடங்கி வெளியே வந்து பார்த்தால் சீனன்குடாப் பக்கத்தில் ஒரு எண்ணெய்த்தாங்கி பற்றி எரிந்து, வானத்தில் பாதி கறுத்துப்போயிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடுதான் தலைமை ஆசிரியருடையது. வேட்டி அவிழ அவிழ ஓடிவந்தார்.

"லொறி ஒண்டு பிடிச்சிருக்கிறன், ரீச்சர். பிள்ளையளைக் கேற்றடிக்குக் கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ. ஒருத்தரும் அங்கால இங்கால அரக்கக்கூடாது."

கொண்டுவந்து நிறுத்தினேன். லொறி வந்தது, ஆனால் எங்களிடம் வராமல் அவர் வீட்டு வாசலில் நின்றது. மனைவியும் பிள்ளைகளும் ஏறினார்கள். அதில் நான் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு கண்ணாடி பதித்த அலுமாரி ஏறியது. பிரம்புக் கதிரைகள் ஏறின. தையல் மெஷின், கட்டில் சட்டம், கோழிக்கூடு. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு லொறி புறப்பட்டு எங்கள் கேற்றைத் தாண்டிப் போனது. முன் சீற்றில் இருந்து அவர் தலையை நீட்டி, "இதை இறக்கிப்போட்டுத் திருப்பி அனுப்புறன்!" என்று கத்தினார். எங்களில் மிகச் சின்னவள், கிளிவெட்டி வயல்காரர் ஒருவரின் மகள், அவருக்குக் கைகாட்டி வழியனுப்பினாள்.

வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்றோம். லொறி வரவில்லை. தெருவில் சனம் பெட்டி படுக்கையோடு ஓடி முடித்து, நாய்கள் மட்டும் மிஞ்சிய நேரத்தில் பிள்ளைகளை நடத்திக்கொண்டு புறப்பட்டேன். அநுராதபுர றோட்டில் இராணுவ வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. அதனால் றோட்டை விட்டு இறங்கி, விறகு வெட்டப் போகிறவர்களின் வண்டில் பாதையில் காட்டுக்குள் போனோம். எனக்கும் பாதை தெரியாது. எதிரே வந்த ஒரு கிழவர் கைகாட்டிய பக்கம் நடந்தோம். ஆகாயத்தில் இரைச்சல் கேட்கும்போதெல்லாம் பற்றைக்குள் குப்புற விழுந்தோம். அப்படி விழுந்தெழுந்த ஒரு இடத்தில் அந்தச் சின்னவளின் காலில் முள் ஏறியது. கடைசித் தூரத்தை அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். கன்னியாவுக்கு அப்பால் குளத்தடியில் இருந்த ஒரு கிராமத்துச் சனங்கள் எங்களுக்குத் தங்க இடமும் சோறும் தந்தார்கள். ஆனால் கால் புண்ணாகிச் சீழ் வைத்தது. அங்கே நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரி தன்னால் ஆனதைச் செய்தார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

அவளைத் தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. "உயிரோட கொண்டுவந்து தந்தியள் பிள்ளை, அது போதும்," என்று என்னைக் கும்பிட்டார். திட்டியிருந்தால் என் கோபம் கொஞ்சம் அவரிடம் இறங்கியிருக்கும். இறங்காமல் முழுவதும் மிஞ்சியது.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திரும்பவும் தொடங்கியது. பாதிக் கட்டிடத்தைக் கடற்படை எடுத்துவிட்டதால் கிடுகுக் கொட்டிலில்தான் வகுப்புகள். துறைமுகத்தில் வேலை கிடைத்தபடியால் ஓடிய சனம் திரும்பியிருந்தது. விடுதிப் பிள்ளைகளும் வந்தார்கள். சின்னவளும் வந்தாள், ஒரு காலைச் சரித்து வைத்து நடந்துகொண்டு. தலைமை ஆசிரியரும் அலுமாரியோடு வந்து சேர்ந்தார்.

பரிசளிப்பு நாளில் அவர் பேசினார். வித்தியாதரிசி தலைமை தாங்கினார், பெற்றோர் நிறைந்திருந்தார்கள். "ஆகாயத்திலிருந்து நெருப்பு மழை பொழிந்த அன்று, விடுதிக் குழந்தைகளை என் சொந்தக் குழந்தைகளாக நினைத்து, நானே முன்னால் நடந்து, காட்டு வழியாகப் பத்திரமான இடத்துக்கு அழைத்துச் சென்றேன்," என்று சொன்னார். நல்ல தமிழில், குரல் தழுதழுக்கச் சொன்னார். வித்தியாதரிசி எழுந்து அவருக்கு மாலை போட்டார். சனம் கைதட்டியது. விடுதிப் பிள்ளைகள் கைதட்டவில்லை. அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பேன் என்று பார்த்தார்கள். நான் திறக்கவில்லை. அந்தப் பேச்சை அவர் வாயாலேயே விழுங்க வைக்காமல் விடுவதில்லை என்று, அவர் அந்த மாலையைக் கழுத்திலிருந்து கழற்றும்போதே நினைத்துக்கொண்டேன்.

வழி எனக்குத் தெரியவில்லை. வித்தியாதரிசிதான் வழியைத் திறந்துவிட்டார். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், கூடாரம் அடித்து, தங்கவைத்து, தாங்களே சமைத்துச் சாப்பிடப் பழக்கவேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. எங்கள் பள்ளிக்கூடமே முதலில் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு உசார்ப்படுத்தச் சொன்னது.

உசார்ப்படுத்துவது இலேசான காரியமாக இருக்கவில்லை. "காம்ப்" என்று நான் சொன்னதும் ஒரு பெடியன் எழும்பி, "அது வெள்ளைக்காரச் சோல்தாதுமார் இருக்கிற இடமெல்லோ ரீச்சர்? எங்களைப் பட்டாளத்துக்குக் குடுக்கப்போறாங்களோ?" என்று கேட்டான். இல்லை, காட்டோரம் மரத்துக்குக் கீழே படுக்கப்போகிறோம் என்றேன். வகுப்பு முழுவதும் என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"நாங்கள் போன வருஷம் படுத்தனாங்கள்தானே," என்றாள் ஒருத்தி. "திரும்ப ஏன்?"

சின்னவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அதோடு விட்டேன். அடுத்த நாள் வேறு விதமாகக் கேட்டேன். "போன வருஷம் நடக்கேக்க உங்களிட்ட என்ன இல்லாமல் இருந்தது? ஆசைப்பட்டதை மறைக்காமல் சொல்லுங்கோ."

முதலில் தண்ணீர் என்றார்கள். பிறகு செருப்பு என்றார்கள். ஒரு பெடியனுக்கு வறுத்த கச்சான் கடலை வேண்டியிருந்ததாம், வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு நடந்தானாம். சத்தம் போட்டு அழவேண்டும்போல் இருந்ததை நான் வாயைப் பொத்தி நிறுத்திவிட்டேன் என்று ஒருத்தி இப்போது கோபித்தாள். கதை கதையாக வந்தது. தகரத்தில் மழை கொட்டுவதுபோல எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சரி," என்றேன். "அதே பாதையால திரும்பப் போவம். இந்த முறை எல்லாத்தையும் கொண்டு போவம். தண்ணி, செருப்பு, கச்சான். போற வழியெல்லாம் தொண்டை கிழியக் கத்துவம். ஒளிச்சுக் கிடந்த பற்றை ஒவ்வொண்டுக்கும் முன்னால நிண்டு பாட்டுப் படிப்பம்."

"அந்தப் பாதையைப் பழிவாங்கப் போறம்!" என்று அந்தக் கச்சான்காரன் மேசையில் ஏறி நின்றான். நான் அவனை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியவில்லை. சல்லிக் கிராமத்து மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகள் கிழிந்த படகுப் பாய்த்துணிகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெட்டைப் பிள்ளைகள் அதைச் சாக்கு ஊசியால் பொருத்திக் கூடாரம் தைத்தார்கள். கொட்டிலுக்குப் பின்னால் அதை நட்டுப் பார்த்தோம். முதல் நாள் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடற்படைக்காரர்களின் முள்ளுக்கம்பியில் போட்டது. காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெடியன் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தான். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்த காலம் அது. என்றாலும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து ஒரு தகரப் பேணிக்குள் சேர்த்தது. தாய்மார் வந்து என்னை ஏசினார்கள். "ரீச்சர், இவன் நித்திரையிலயும் காம்ப், காம்ப் எண்டு புலம்புறான்," என்றார்கள். எனக்கு அதைவிட இனிப்பான முறைப்பாடு வேறு வந்ததில்லை.

கடைசியில் சின்னவளே என்னிடம் வந்தாள். "நானும் வருவன் ரீச்சர். ஆனால் முழுக்க நடக்க ஏலாது."

"சட்டி பானை ஏத்திற வண்டிலில நீ ராணி மாதிரி இருந்து வா," என்றேன்.

பிள்ளைகள் கொதிநிலைக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் நான் அடுத்த அடியை வைத்தேன். ஒரு நாள் காலைக் கூட்டத்துக்கு வித்தியாதரிசியும் வந்திருந்தார். தலைமை ஆசிரியர் என்னை முகாமைப்பற்றிச் சொல்ல அழைத்தார். நான் சொன்னேன்:

"பிள்ளைகளே, போன வருஷம் விடுதிப் பிள்ளைகள் நடந்துபோன அதே பாதையால்தான் போகப்போகிறோம். அன்றைக்கு முன்னால் நடந்து வழிகாட்டியவர் யார் என்று பரிசளிப்புப் பேச்சில் எல்லோரும் கேட்டறிந்தீர்கள். இந்த முறையும் அவரே முன்னால் நடப்பார்."

விடுதிப் பிள்ளைகளின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தது கேட்டது. பிறகு அந்த வரிசையில்தான் முதலில் கைதட்டல் தொடங்கியது. அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, விளங்கிவிட்டது. மற்றவர்கள் விளங்காமலே சேர்ந்து தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாக வித்தியாதரிசி தட்டினார். "அப்படியெண்டால் நானும் வாறன்! பெற்றோரையும் கூப்பிடுங்கோ!" என்றார்.

தலைமை ஆசிரியரின் முகத்தை நான் நேராகப் பார்த்தேன். ஒரு வருஷம் காத்திருந்து பார்த்த முகம் அது. ஆற அமரப் பார்த்தேன்.

பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரீச்சர், தூரம் கூடப்போலக் கிடக்கு. வெயில் வேற. துறைமுகத்தில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார். லொறி ஒண்டு ஒழுங்குசெய்யலாம்."

"வேண்டாம் சேர். லொறியில எங்கட பிள்ளையளுக்கு நம்பிக்கை இல்லை."

மேசையில் இருந்த மைக்கூட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு, "அந்தப் பாதை... எந்தப் பக்கத்தால திரும்பிறது? எனக்கு இப்ப சரியா ஞாபகமில்லை," என்றார்.

"நீங்கள்தானே சேர் முன்னுக்குப் போனனீங்கள். நான் பிள்ளையளுக்குப் பின்னால வந்தனான், எனக்கென்ன தெரியும்?"

அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தலாம், நிரந்தரமாகாமல் செய்யலாம். இரண்டும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கிடைத்ததற்கு வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

புறப்படும் காலையில் அவர் வரவில்லை. வயிற்றுக்குத்து என்று ஆள் அனுப்பியிருந்தார். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். "சேருக்குச் சுகமில்லையாம், போய்ச் சுகம் விசாரிச்சுக்கொண்டு போவம்," என்று பிள்ளைகளை அப்படியே மூட்டை முடிச்சோடு அவர் வீட்டு வாசலுக்கு நடத்தினேன். வண்டிலும் வந்தது, பெற்றோரும் வந்தார்கள், வித்தியாதரிசி தொப்பியும் கைத்தடியுமாக வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "சேர், வாங்கோ! சேர், வாங்கோ!" என்று கத்தத் தொடங்கினார்கள். அயல் வீடுகளில் கதவுகள் திறந்தன. அவருடைய மனைவி யன்னலால் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"குறைஞ்சிட்டுது," என்றார்.

அவரை முன்னால் விட்டோம். றோட்டில் நடக்கும்வரை அவருக்குக் கஷ்டம் இல்லை. றோட்டுக்கு யாரும் வழிகாட்டத் தேவையில்லை. பிள்ளைகள் சொன்னபடியே கத்தினார்கள், பாடினார்கள், கச்சான் கொறித்தார்கள். றோட்டிலிருந்து இறங்கும் இடத்தையும் யாரோ ஒரு தகப்பன் கைகாட்டியதால் தப்பினார். காட்டுக்குள் போகப் போக அவருடைய நடை சுருங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கழுத்தைத் திருப்பி, எங்கள் முகங்களில் எதையாவது வாசிக்கப் பார்த்தார். நான் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்தேன்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. இரண்டும் ஒரே மாதிரி வண்டில் தடம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பற்றை. அவர் நின்றார். நெற்றியைத் துடைத்தார். வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை.

பாட்டும் நின்றுவிட்டது. கொஞ்சத் தூரம் போனபிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்பது அவருக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தார். வித்தியாதரிசிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன, ஏன் நிக்கிறியள்? உங்கட சேர் போறாரெல்லோ?" என்று கேட்டார்.

வண்டிலில் சட்டிகளுக்கு நடுவே இருந்த சின்னவள் எழும்பி, வண்டில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேர் ஏறின லொறி எந்தப் பக்கம் போனதெண்டு எங்களுக்குத் தெரியாது," என்றாள். "நாங்களும் ரீச்சரும் நடந்து வந்தது இடப்பக்கம். எனக்கு முள்ளுக் குத்தினது அந்தா, அந்தப் பாலை மரத்தடியில."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். வித்தியாதரிசி அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இது என்ன கதை, ரீச்சர்?" என்றார்.

"பிள்ளை சொன்னதுக்கு மேல சொல்ல என்னட்ட ஒண்டுமில்லை, ஐயா. சேரிட்டயே கேளுங்கோ."

அவர் கேட்கவில்லை. தலைமை ஆசிரியரும் பேசவில்லை. பேசுவார், ஏதாவது காரணம் சொல்வார், அதற்கு என்ன திருப்பிச் சொல்வது என்று நான் பல நாள் மனதுக்குள் தயாராக்கி வைத்திருந்தேன். அதெல்லாம் வீணாகப் போனது. அந்த மனிதர் வலப்பக்கத்துப் பாதையில் தனியாக நின்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோருக்குள் கிசுகிசு எழும்பியது. "லொறியிலயோ போனவர்? அப்ப மாலை?" என்று ஒரு தாய் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. கடைசியில் வண்டில்காரர் மாட்டைத் தட்டி இடப்பக்கம் திருப்பினார். சின்னவள் முன்னால் போனாள். நாங்கள் பின்னால் போனோம். எங்களுக்கெல்லாம் பின்னால், எட்டத்தில், அவர் வந்தார்.

குளத்தடியில் கூடாரம் நின்றது, இந்த முறை பறக்கவில்லை. பிள்ளைகள் அவித்த சோறு பாதி குழைந்து பாதி வேகாமல் இருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். அடுத்த நாள் கன்னியாவுக்குப் போய் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் மாறி மாறி அள்ளிக் குளித்தார்கள். எது கூடச் சூடு என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வித்தியாதரிசி என் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். "நீங்கள் முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றார். "சொல்லியிருந்தால் நம்பியிருப்பீங்களோ, ஐயா?" என்றேன்.

தலைமை ஆசிரியருக்கு நான் சோறு அனுப்பினேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அனுப்பினேன். அதுவும் தெரிந்துதான் செய்தேன்.

மேலிடத்திலிருந்து அவருக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஊர் விடவில்லை. மீன் வாங்கப் போனால், "சேர், லொறி வந்திட்டுதோ?" என்று கேட்டார்கள். சலூனில் கேட்டார்கள். கோயில் வாசலில் கேட்டார்கள். லொறி வாத்தியார் என்ற பெயர் எங்கள் கொட்டிலிலிருந்து புறப்பட்டுத் துறைமுகத் தொழிலாளர்வரை போய்ச் சேர்ந்தது. என் வேலை நிரந்தரமானது; அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடும்போது நான் எதிரே நின்றேன். வருஷ முடிவில் வேறு ஊருக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போவதற்கு முன் ஒரு நாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள்.

"அண்டைக்கு எனக்குப் பயத்தில ஒண்டும் ஓடயில்லை, ரீச்சர். வீட்டுச் சாமானை இறக்கின பிறகு லொறிக்காரன் திரும்பிவர மாட்டன் எண்டிட்டான். நான் வற்புறுத்தியிருக்கலாம். நீங்கள் என்னை மன்னிக்கவேணும்."

பயம் எனக்கு விளங்கும். நானும்தான் மேசைக்குக் கீழே கிடந்தவள். ஆனால் பரிசளிப்பு மேடையில் அவருக்கு என்ன பயம் இருந்தது? அந்த மாலைக்குக் கழுத்தை நீட்டியபோது ஆகாயத்தில் எந்தப் பிளேனும் இரையவில்லையே?

"ஏலாது, சேர்," என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் கொஞ்சம் நின்றார். நான் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். அடுத்த பாடம் நாலாம் வகுப்புக் கணக்கு. பிள்ளைகள் வருவதற்குள் பெருக்கல் எழுதி வைக்கவேண்டியிருந்தது.